எழுந்து ஆட வைத்த ஆல்பம்: ஜோ 'கிங்' கராஸ்கோவும் ஒரு ஃபார்ஃபிசா ஆர்கனும்

"அதிகம் பேசப்படாத, ஆனால் கேட்டதும் எழுந்து ஆட வைக்கிற ராக் ஆல்பம் எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு யோசிக்கவே தேவையில்லை. ஜோ 'கிங்' கராஸ்கோ அண்ட் தி கிரௌன்ஸ் குழு 1980-ல் தன் பெயரிலேயே கொண்டுவந்த முதல் ஆல்பம்தான்.

வேலை நிமித்தமாக டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்தில் இருந்தபோது ஒரு நண்பர் வீட்டில் இதைக் கேட்டேன். இந்தக் குழுவின் சொந்த ஊரும் ஆஸ்டின்தான். 'புவேனா' பாட்டு ஆரம்பித்தது. கிட்டாரைவிட ஆர்கன்தான் முதலில் காதில் ஏறியது. மெல்லிய, கொஞ்சம் மூக்கால் பாடுகிற மாதிரியான சத்தம். அரை நிமிடத்தில் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிட்டது.

அந்த ஆர்கனை வாசித்தவர் கிரிஸ் கமிங்ஸ். கருவி ஃபார்ஃபிசா என்ற மின் ஆர்கன். இந்த ஆல்பத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டெக்சாஸுக்குக் குடியேறிய ஜெர்மானியர்களும் செக் நாட்டவர்களும் தங்களோடு துருத்தியை விரித்துச் சுருக்கி வாசிக்கிற அக்கார்டியனையும், போல்கா என்ற துள்ளல் ஆட்டத்தின் தாளத்தையும் கொண்டுவந்தார்கள். அங்கிருந்த மெக்சிகோ வம்சாவளி மக்கள் அதை எடுத்து, பாஹோ செக்ஸ்டோ என்ற 12 தந்தி கிட்டாரோடு சேர்த்துத் தங்கள் சொந்த ஆட்ட இசையாக்கிக்கொண்டார்கள். அதுதான் கொன்ஹுன்டோ. 1930-களில் நார்சிஸோ மார்ட்டினெஸ் அதை இசைத்தட்டில் ஏற்றினார். அப்புறம் 1960-களில் அக்கார்டியன் இருந்த இடத்துக்கு மின் ஆர்கன் வந்தது. 1965-ல் டல்லஸ்காரர் சாம் தி ஷாமின் 'வூலி புல்லி', அதே ஆண்டில் சான் அந்தோனியோவின் சர் டக்ளஸ் க்வின்டெட் குழு, 1966-ல் மிச்சிகனில் வளர்ந்த மெக்சிகோ வம்சாவளிப் பையன்களின் '96 டியர்ஸ்' எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஃபார்ஃபிசா என்பது இத்தாலியில் அக்கார்டியன் செய்துகொண்டிருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து உருவாக்கிய நிறுவனம்!

கராஸ்கோ மெக்சிகோ வம்சாவளிக்காரர் அல்ல. டெக்சாஸின் வடமூலையில் இருக்கும் டூமாஸ் என்ற ஊரில் பிறந்தவர். ஆனால் இந்தப் பழைய இசையை உயிராக நேசித்தவர். பங்க் ராக்கைத் தொடர்ந்து வந்த நியூ வேவ் இசை அலை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அதன் வேகத்தை இதில் ஏற்றி, 'நுவேவோ வேவோ' என்று பெயரும் வைத்தார். தலையில் கிரீடம், தோளில் அங்கி, மேடையில் ஒரே குதியாட்டம். இங்கிலாந்தில் இந்த ஆல்பத்தை வெளியிட்டது ஸ்டிஃப் நிறுவனம்.

சரி, ஏன் ஆட வைக்கிறது? என்னிடம் ஒரு சின்ன கேஸியோ கீபோர்டு இருந்தது. இந்த ஆல்பத்தோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தேன். கார்டுகள் (சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டுகள்) எளிமையானவை, பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிட்டன. ஆனாலும் என் வாசிப்பு மந்தமாகவே இருந்தது. பல தடவை கேட்ட பிறகுதான் புரிந்தது, சூட்சுமம் கட்டையை அழுத்துவதில் இல்லை, சட்டென்று விரலை எடுப்பதில் இருக்கிறது என்று. பேஸ் 'டும்' என்று விழுந்ததும், அடுத்த அரைத் தட்டில் ஆர்கன் 'சக்' என்று வெட்டிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். அந்தச் சின்ன இடைவெளியில்தான் நம் கால் தரையை விட்டு எழும்புகிறது. போல்காவில் அக்கார்டியன் செய்கிற வேலையும் இதேதான்.

பிறகு எம்சிஏ என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1982-ல் 'சினாப்ஸ் கேப்', 1983-ல் 'பார்ட்டி வீக்கெண்ட்' ஆல்பங்கள் வந்தன. முன்னதில் ஒரு பாட்டுக்கு மைக்கேல் ஜாக்சன் பின்குரல் கொடுத்திருக்கிறார். இரண்டும் பிடிக்கும். ஆனால் ஒலி மெருகேற மெருகேற அந்த 'சக்' கொஞ்சம் மழுங்கிவிட்டதாகவே என் காதுக்குப் படுகிறது. அதனால் முதல் ஆல்பத்திலிருந்தே தொடங்குங்கள். 'புவேனா' முடிந்ததும் 'லெட்ஸ் கெட் பிரெட்டி' போடுங்கள். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் வையுங்கள். முன்னால் கிடக்கும் நாற்காலிகளை ஓரமாக நகர்த்திவிடுங்கள்.