கைமாறும் பூங்காவும் இடம்பெயரும் ரோலர் கோஸ்டரும்

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் ராட்டினக் குத்தகை வேறொருவருக்குப் போய்விட்டால், முந்தைய ஆண்டு கண்ட ராட்டினங்கள் வருவதில்லை. அமெரிக்காவில் சிக்ஸ் பிளாக்ஸ், சீடர் ஃபேர் ஆகிய இரு கேளிக்கைப் பூங்கா நிறுவனங்கள் 2024 ஜூலையில் இணைந்தன; சில மாதங்களிலேயே, 139 மீட்டர் உயரமுள்ள கிங்டா கா என்ற ரோலர் கோஸ்டர் மூடப்பட்டு, 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அப்போது உலகிலேயே உயரமாயிருந்த ரோலர் கோஸ்டரை இழக்க எப்படி ஐயா மனம் வருகிறது?

ஒரு வாசகர், காவேரிப்பட்டினம்

அன்புள்ள நண்பருக்கு,

கிங்டா கா விஷயத்தில் இணைப்பை மட்டும் நான் காரணமாகச் சொல்ல மாட்டேன். 2005-இல் திறக்கப்பட்ட அதன் பெட்டிகளை ஏவிய, திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் இயந்திரம் அடிக்கடி பழுதாகக்கூடியது, பராமரிப்புச் செலவும் மிகுதி. உங்கள் கேள்விக்கான பதில் ஒஹாயோ மாநிலத்து ஜியாகா லேக் பூங்காவின் கதையில் இருக்கிறது.

1995-இல் பிரீமியர் பார்க்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்த அந்தப் பூங்கா, 2000-இல் சிக்ஸ் பிளாக்ஸ் என்ற பெயரைப் பெற்றது. அந்த ஓராண்டில் மட்டும் நான்கு புதிய ரோலர் கோஸ்டர்கள் அங்கே எழுந்தன. 2004-இல் சீடர் ஃபேர் 145 மில்லியன் டாலருக்கு அதை வாங்கியபோது, பேட்மேன், சூப்பர்மேன் பெயர்களுக்கான உரிமை கூடவே வராததால், 'பேட்மேன் நைட் ஃபிளைட்' என்ற ரோலர் கோஸ்டர் 'டாமினேட்டர்' ஆயிற்று. பெயர் போனது சிறிய இழப்புதான். வாங்கிய நிறுவனத்துக்கு அதே மாநிலத்தில் சீடர் பாயிண்ட் என்ற பெரும்பூங்கா ஏற்கெனவே இருந்தது. ஒரே முதலாளிக்கு ஒரே வட்டாரத்தில் இரண்டு கடைகள் இருந்தால் எது தேயும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஜியாகா லேக்கின் இன்னொரு ரோலர் கோஸ்டரான எக்ஸ் ஃபிளைட் கழற்றப்பட்டு, 2007-இல் சீடர் ஃபேரின் மற்றொரு பூங்காவான கிங்ஸ் ஐலண்டில் வேறு பெயரில் ஓடியது. அந்த ஆண்டோடு ஜியாகா லேக்கின் சவாரிகள் எல்லாம் நிறுத்தப்பட, டாமினேட்டர் 2008-இல் வர்ஜீனியாவின் கிங்ஸ் டொமினியன் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது.

கண்காட்சி முடிந்த மறுநாள் காலையில் ராட்டினத்தைப் பிரிக்கும்போது, ஒவ்வொரு கம்பியின் முனையிலும் வெள்ளை பெயிண்டில் எண் எழுதியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எஃகு ரோலர் கோஸ்டரின் தண்டவாளமும் போல்ட் போட்டு இணைத்த துண்டுகள்தாம். எண்ணிட்டுக் கழற்றி, லாரியில் ஏற்றி, புதிய இடத்தில் கான்கிரீட் அடித்தளம் போட்டு நிறுத்திவிடலாம். மரத்தாலானவற்றைத் தச்சர்கள் அந்தந்த நிலத்திலேயே அறுத்து, பொருத்தி எழுப்புகிறார்கள். பிரித்தால் பெரும்பாலும் பலகைதான் மிஞ்சும்.

அதே சீடர் ஃபேர்தான், 2006-இல் வாங்கிய, ஒஹாயோவிலேயே ஆனாலும் சீடர் பாயிண்டிலிருந்து வெகுதொலைவில் உள்ள கிங்ஸ் ஐலண்டில் 2009-இல் டயமண்ட்பேக், 2014-இல் பான்ஷீ, 2020-இல் ஓரியன் என்று புதிய ரோலர் கோஸ்டர்களைக் கட்டியது. ஆகவே ஒரு பூங்கா கைமாறினால், வாங்கியவருக்குப் பக்கத்தில் வேறு பூங்கா இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெயர்த்தெடுக்க முடிந்தது மட்டுமே அவர் கணக்கில் சொத்தாக நின்றது என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. ஜியாகா லேக்கில் 1925 முதல் ஓடிய பிக் டிப்பர் என்ற மர ரோலர் கோஸ்டர், ஒன்பது ஆண்டுகள் ஓடாமல் அதே இடத்தில் நின்றிருந்து, 2016-இல் இடிக்கப்பட்டது.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து