அனிமே கர்சர் வைக்கலாமா? கடையில் வைத்துப் பார்த்தவனின் பதில்

கேள்வி: விண்டோஸ் கணினியில் அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) பாணியில் அசையும் மவுஸ் கர்சர் வைப்பது எப்படி? ஆபத்து உண்டா?

வைக்கலாம். ஆனால் சாதாரண அம்புக்குறியைத் தொடாதீர்கள். பட்டுத் தெரிந்துகொண்டது இது.

இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில், கடிதம் அடித்துக் கொடுப்பது போன்ற வேலைகள் செய்யும் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். வெளியே பனிமூட்டம், மழை, ஆள் வரத்து இல்லாத ஒரு மத்தியானம் பொழுது போகாமல் நீல முடிப் பெண்ணொருத்தி ஓடும் கர்சர் தொகுப்பை இறக்கி, விண்டோஸில் உள்ள பதினேழு வகைக் கர்சர் குறிகளுக்கும் அவளையே போட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா, மகளின் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் அடிக்க வந்தார். திரையையே உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்தப் புள்ளைய கொஞ்சம் ஓரமா நிக்கச் சொல்லுங்க, எம் மக பேரு தெரியல" என்றார்.

மறைப்பதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு கர்சருக்கும் 'ஹாட்ஸ்பாட்' என்று ஒரே ஒரு புள்ளி உண்டு. கிளிக் விழுவது அங்கேதான். அம்புக்குறியில் அது நுனி. அழகுக்காகச் செய்த தொகுப்புகளில் சில நேரம் அது தலைமுடியில் இருக்கும், சில நேரம் காலடியில். நான் கையை நீட்டுவது ஒரு வரியில், கிளிக் விழுவது அதற்கு மேல் வரியில்! ரியல்வேர்ல்டு கர்சர் எடிட்டர் என்ற இலவச மென்பொருளில் அந்தப் புள்ளியை இடம் மாற்றலாம். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

இப்போது கணினி வேலையாக இருக்கும்போது வரும் 'பிஸி', 'வொர்க்கிங் இன் பேக்ரவுண்ட்' ஆகிய இரண்டு குறிகளுக்கு மட்டும் அவளை வைத்திருக்கிறேன். காத்திருக்கும் நேரத்தில் நான் எப்படியும் அதிகம் கிளிக் செய்வதில்லை.

செய்முறை சுலபம். தொகுப்பை விரித்தால் .ஏஎன்ஐ கோப்புகள் இருக்கும். அசையும் கர்சர் அவைதான்; .சியுஆர் என்றால் அசையாதது. முதலில் அவற்றை நிலையான ஒரு ஃபோல்டரில் வையுங்கள். டவுன்லோட்ஸில் விட்டு, பிறகு அதைக் காலி செய்தால் பழைய குறியே திரும்பி வந்துவிடும். அப்புறம் கண்ட்ரோல் பேனல், மவுஸ், பாயிண்டர்ஸ். வேண்டிய குறியைத் தேர்ந்து 'பிரவுஸ்' மூலம் கோப்பைக் காட்டி, 'சேவ் அஸ்' கொடுத்து ஒரு பெயர் வையுங்கள். தீம் மாற்றும் பழக்கம் இருந்தால், கர்சரை மாற்ற தீம்களுக்கு அனுமதி தரும் டிக்கையும் அதே இடத்தில் எடுத்துவிடுங்கள். சிலவற்றில் .ஐஎன்எஃப் கோப்பும் வரும். அதை ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால்' கொடுத்தால் மொத்தத் தொகுப்பும் பட்டியலில் சேரும்.

ஆபத்து என்று கேட்டீர்கள். 2007இல் விண்டோஸ் .ஏஎன்ஐ கோப்பைப் படிக்கும் விதத்திலேயே ஓட்டை இருந்தது. ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே கணினி பறிபோகலாம் என்ற நிலை. அந்த ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் வழக்கமான மாதாந்தரத் திருத்த நாளுக்குக் காத்திராமல் திருத்தம் வெளியிட்டது. அந்தக் கதை முடிந்துவிட்டது. இன்றைக்குப் பயப்பட வேண்டியது, கர்சர் என்று சொல்லி .இஎக்ஸ்இ கொடுக்கும் தளங்களுக்கு. படம் மாற்ற புரோகிராம் எதற்கு? அழித்துவிடுங்கள்.

அந்த அக்கா போன மாதம் மறுபடி வந்தார். "புள்ள எங்க தம்பி?" என்றார். எங்கள் கடைக் கணினிக்கு வயதாகிவிட்டது. ஃபைல் திறப்பதற்குள் இரண்டு தரம் ஓடிக் காட்டினாள்.