விடிந்தபின் எழுதும் நோட்டு

கேள்வி: எனக்கு வயது 27. தாரமங்கலம் பக்கம் பகலில் விசைத்தறி ஓட்டுகிறேன். ஏழு வருடமாகக் கூத்தில் பெண்வேடம் கட்டுகிறேன். துகிலுரிதல் கூத்தில் திரௌபதி சபையில் அழுது பாடும் இடம் வந்தால் குரல் உடைந்துவிடுகிறது, கூட்டமும் கண்ணயர்ந்துவிடுகிறது. ஒரு பயிற்சி முகாமில், ஆடியதைப் பற்றி நாட்குறிப்பு எழுதினால் கலை வளரும் என்றார்கள். மூன்று மாதம் எழுதினேன். "இன்று சுமார்", "இன்று மோசம்", "நான் இதற்கு லாயக்கில்லை" என்றுதான் வருகிறது. எழுத எழுதச் சோர்வுதான் கூடுகிறது. எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். இதை விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம் தம்பி. ஆனால் இப்போது எழுதும் விதத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மூன்று மாதமாக நீங்கள் உங்கள்மீது தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். தீர்ப்பிலிருந்து அடுத்த கூத்துக்கு எடுத்துப்போக ஒன்றும் கிடைக்காது.

உங்களுக்குத் தறி தெரியும். ஓடுகிற தறி நின்றுபோனால் "இன்று தறி மோசம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவீர்களா? அறுந்தது நீள இழையான பாவா, குறுக்கு இழையான ஊடையா, எந்த இடத்தில் என்று குனிந்து பார்ப்பீர்கள். முடிச்சுப் போட்டு ஓட்டுவீர்கள். அதே இடத்தில் மறுபடியும் அறுந்தால், இழை போகிற வழியில் எங்கோ உரசுகிறது என்று தேடுவீர்கள். நோட்டிலும் அதைத்தான் செய்ய வேண்டும். இரவு முழுக்க நடந்ததை எழுத வேண்டியதில்லை. இழை அறுந்த ஓர் இடத்தை மட்டும் எடுத்து, அங்கே என்ன நடந்தது என்று எழுதினால் போதும்.

உங்களைப் போலவே பெண்வேடம் கட்டும் ஒருவர் என்னிடம் பயிற்சிக்கு வந்தார். அவர் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை அவர் சம்மதத்தோடு தருகிறேன்:

"ஓமலூர் பக்கம், மாரியம்மன் திருவிழா. மணி மூன்று இருக்கும். துச்சாதனன் கூந்தலைப் பிடித்துச் சபைக்கு இழுத்து வந்தபின் பாடும் விருத்தம். முதல் அடி சரியாக வந்தது. இரண்டாம் அடியில் கண்ணனை மேலே எடுத்துக் கூப்பிடும் இடத்தில் குரல் பிளந்தது. இழுத்த வேகத்தில் ஓடிவந்து நின்றவுடன் பாடிவிட்டேன், மூச்சு எடுக்கவில்லை. பெட்டி (ஆர்மோனியம்) சுருதியில் அரைக்கட்டை ஏறியிருந்தது போலத் தோன்றியது, கேட்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டி முதல் அடியில் வெற்றிலையை மடித்த கையோடு அப்படியே இருந்தார். குரல் உடைந்ததும் அதை வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த முறை: இழுத்துத் தள்ளியதும் விழுந்து கிடக்க வேண்டும். தாளம் இரண்டு சுற்று போனபின் எழுந்து பாட வேண்டும்."

இதில் நன்று, தீது என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். உடம்பு என்ன செய்தது, பக்கவாத்தியம் என்ன செய்தது, எதிரில் இருந்தவர் கை என்ன செய்தது என்பது மட்டும் இருக்கிறது. அந்தப் பாட்டியின் வெற்றிலையை எனக்கு மிகவும் பிடிக்கும். "கூட்டம் ரசிக்கவில்லை" என்று எழுதியிருந்தால், கூட்டம் எந்த நொடியில் கைவிட்டுப் போனது என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. இப்படி ஐந்து கூத்துகளின் பக்கங்களைச் சேர்த்துப் படித்தபோதுதான், தன் குறை தொண்டையில் இல்லை, மூச்சில் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். விழுந்து கிடக்கும் அந்த இரண்டு சுற்றுத் தாளம் இன்று அவருடைய திரௌபதியின் உயிரான இடம்.

உங்கள் காரணம் வேறாக இருக்கலாம். நீங்கள் தறிக்கூடத்தில் வேலை செய்கிறீர்கள் என்பதைப் படித்ததுமே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இரைச்சலுக்கு நடுவே பேசும்போது மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள். இதை 1911இலேயே எத்தியன் லோம்பார்டு என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்தார். பகல் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிய தொண்டையோடு நீங்கள் இரவு மூன்று மணிக்கு விருத்தத்தை மேலே எடுக்கிறீர்கள். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நான்கு சிறு குறிப்புகள் எழுதுங்கள்: பகலில் எத்தனை மணி நேரம் தூங்கினேன், தறிக்கூடத்தில் கத்திப் பேசினேனா, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, பெட்டி எத்தனை கட்டை. பத்துக் கூத்து போகட்டும். குரல் உடைந்த நாட்களையும் உடையாத நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொண்டைக் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் நோட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். சேலம் அரசு மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது.

படிப்பைப் பற்றிய கவலையே வேண்டாம். கூத்து வாத்தியார்கள் பாட்டையும் வசனத்தையும் தம் கையால் நோட்டில் எழுதி வைத்துத்தானே சீடர்களுக்குக் கொடுத்தார்கள்? அந்தப் பாட்டு நோட்டின் ஓரத்தில் எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழை யாருக்கும் தெரியப்போவதில்லை.

இது ஏதோ புதுப் பழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். ரஷ்ய நடிகர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி 1877இல், 14 வயதில், தான் நடித்ததைப் பற்றிக் குறிப்பு எழுதத் தொடங்கினார். 1906 கோடையில் பின்லாந்தில் ஓய்வெடுக்கப் போனபோது, நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகத்தில் தான் பலமுறை நடித்துப் புகழ்பெற்ற டாக்டர் ஸ்டாக்மன் வேடத்தை நினைத்துப் பார்த்தார். அசைவுகள் எல்லாம் அப்படியே இருந்தன. அவற்றைப் பிறப்பித்த உணர்ச்சி மட்டும் எங்கோ போய்விட்டிருந்தது. நடிப்புப் பயிற்சி பற்றிய அவருடைய பிற்கால ஆராய்ச்சிக்கு அந்த வேதனைதான் தூண்டுதல். ஏழு வருடமாக ஒரே திரௌபதியைக் கட்டும் உங்களுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன். அடவு பிசகாது. அழுகை வந்துவிடும். ஆனால் இன்றைக்கு யாருக்காக, எதற்காக அழுகிறோம் என்பது உள்ளே இல்லாமல் போயிருக்கும். குரல் உடையாத இரவுகளிலும் கூட்டம் கண்ணயர்ந்தால் அங்கே தேடுங்கள். அன்றைய பக்கத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதுங்கள்: அந்த விருத்தத்தைப் பாடும்போது நான் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

அமெரிக்க அறிஞர் டொனால்டு ஷோன் 1983இல் இரண்டு வகையான சிந்தனையைப் பிரித்துக் காட்டினார். ஒன்று வேலை நடக்கும்போதே நடப்பது, மற்றொன்று வேலை முடிந்தபின் நடப்பது. முதலாவதை, கூத்தைக் கேலிப்பேச்சோடு நடத்திச் செல்லும் கட்டியங்காரனிடம் நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். கூட்டம் அசந்தால் அந்த நொடியிலேயே பேச்சைத் திருப்பி எழுப்பிவிடுவார். நோட்டு இரண்டாவது வகை. இரண்டாவதில் கை பழகினால் முதலாவது கூர்மையாகும் என்பதை என் அனுபவத்தில் பலரிடம் பார்த்திருக்கிறேன். செய்த வேலையைத் திரும்பிப் பார்த்து எழுத, கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988இல் வகுத்த ஆறு படிகளைச் சில முகாம்களில் சொல்லிக்கொடுப்பார்கள். அதில் நடந்ததும் உணர்ந்ததும் எழுதிய கையோடு, நல்லது எது கெட்டது எது என்று எடைபோடச் சொல்கிறார்கள். உங்களைப் போலத் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் சுபாவம் உள்ளவர்கள் முதல் மூன்று மாதத்துக்கு அந்த எடைபோடும் படியைச் செய்யாமல் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எப்போது எழுதுவது? விடியற்காலையில் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு முதல் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் சொருகும். அப்போது எழுத வேண்டாம். செல்போனில் ஒரு நிமிடம் பேசிப் பதிந்துகொள்ளுங்கள். தூங்கி எழுந்தபின் அதைக் கேட்டு, நோட்டின் இடது பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். வலது பக்கத்தைக் காலியாக விடுங்கள். ஒரு வாரம் கழித்துப் படிக்கும்போது தோன்றுவதற்கு அந்தப் பக்கம். பெண்வேடக்காரர் என்று யாராவது கேலி செய்தது, கூலியில் குறைத்தது போன்ற வருத்தங்களையும் எழுதுங்கள், ஆனால் வேறொரு நோட்டில். அவை இங்கே கலந்தால் விருத்தத்தைப் பற்றி யோசிக்க மனம் வராது.

வாத்தியாரிடம் நோட்டைக் காட்ட வேண்டியதில்லை. அதிலிருந்து பிறந்த கேள்வியைக் கொண்டுபோங்கள். "நான் ஆடியது எப்படி இருந்தது?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார். "இரண்டாம் அடியில் கண்ணனைக் கூப்பிடுவதற்கு முன் மூச்சை எங்கே எடுப்பது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டார், எழுந்து நின்று பாடியே காட்டுவார்.

அடுத்த கூத்தில் வேடம் கட்ட உட்காருவதற்கு முன் பெட்டிக்காரரிடம் போய் இன்று எத்தனை கட்டை என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்தான் புது நோட்டின் முதல் வரி.