இரவு இரண்டு மணிக்குக் கதவைத் திறக்கச் சொன்னால்

தம்பி, "கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்து, மறுபடியும் பேண்டு 5 (இங்குள்ள அரசு மருத்துவமனைச் சம்பளப் படிநிலை) நர்ஸாக முதல் படியில் நிற்கிறேன், ஒரு வார்டை நடத்தும் பொறுப்புக்கு வர எத்தனை வருடம் ஆகும் அக்கா" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு பேண்டு 6 வரவே நான்கு வருடம் ஆனது. வார்டு மேலாளர் பதவியான பேண்டு 7 அதற்கும் மூன்று வருடம் கழித்து. என்னோடு விமானம் ஏறிய ஒருவர் அதில் பாதிக் காலத்தில் எட்டிவிட்டார். அனுபவத்தில் எனக்கு இளையவர்தான், ஆனால் இங்குள்ள சட்டத்தை வந்த உடனே படித்துவிட்டார்.

எனக்கு அது உறைத்தது ஓர் இரவுப் பணியில். இருபது வயதுப் பையன், தானாகச் சம்மதித்து வார்டில் சேர்ந்தவன். இரவு இரண்டு மணிக்குக் காலணியை மாட்டிக்கொண்டு கதவருகே வந்து, வீட்டுக்குப் போகிறேன் என்றான். ஊர்ப் பழக்கத்தில் தோளைத் தட்டி, "காலையில் டாக்டர் வரட்டும், போய்ப் படுப்பா" என்ற தொனியில் சொன்னேன். போய்ப் படுத்துவிட்டான். சாமர்த்தியமாகச் சமாளித்ததாகவே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வார்டு மேலாளர் என் குறிப்பைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "போகிறேன் என்றவரை எந்தச் சட்டப்படி நிறுத்தினீர்கள்?" சம்மதத்தோடு சேர்ந்தவர்கள் வெளியே போக உரிமை உண்டு என்ற அறிவிப்பு அந்தக் கதவிலேயே ஒட்டியிருந்தது. திறக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. திறக்கலாம் என்றும் சொல்லவில்லையே.

1983ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அந்த இடத்தில் வழி வைத்திருக்கிறது. அவர் போனால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்று பட்டு, டாக்டரும் உடனே வர முடியாவிட்டால், பிரிவு 5(4)இன்படி மனநல நர்ஸ் தன் பொறுப்பில் 6 மணி நேரம் வரை நிறுத்தலாம். டாக்டர் வந்து பிரிவு 5(2)ஐப் பயன்படுத்தினால் 72 மணி நேரம் வரை. ஆபத்து இல்லையென்றால் பேசிப் பார்க்கலாம், கேட்காவிட்டால் கதவைத் திறக்க வேண்டியதுதான். இன்னொன்று, பொது நர்ஸாகப் பதிவு செய்தவருக்கு அந்த 6 மணி நேர அதிகாரம் கிடையாது. நம் ஊரிலிருந்து வருகிறவர்களில் பலர் அப்படித்தான் பதிவாகிறார்கள். உங்கள் பதிவு மனநல நர்ஸாகவா, பொது நர்ஸாகவா என்று இன்றைக்கே பாருங்கள்.

இப்போது அதே கேள்வியை நான் கேட்கிறேன். மேலாளர் வேலையில் பாதி அதுதான்: எந்த நோயாளியைப் பிடித்து நிறுத்தினார்கள், எவ்வளவு நேரம், அதற்குமுன் வேறு என்ன முயன்றார்கள். 2010இல் ஒலசேனி லூயிஸ் என்ற 23 வயது இளைஞர், மனநல மருத்துவமனையில் போலீசார் பலர் சேர்ந்து அழுத்திப் பிடித்ததில் இறந்துபோனார். அவர் குடும்பத்தார் விடாமல் போராடியதன் பலனாக 2018இல் தனிச்சட்டம் வந்தது. மருத்துவமனைகள் பலப்பிரயோகத்தைப் பதிவு செய்தாக வேண்டும். எழுதுவதற்கு அலுத்துக்கொள்ளும் ஊழியர்களிடம் அந்த இளைஞரின் கதையைச் சொல்வேன்.

மீதி வேலை சில்லறைதான். யாரும் தூக்குப் போட்டுக்கொள்ள முடியாதபடி, எடை தாங்காமல் கழன்றுவிழ வேண்டிய திரைக்கம்பி சரியாகக் கழல்கிறதா, குணமாகியும் போக வீடில்லாமல் படுக்கையில் இருப்பவருக்கு என்ன வழி, இரவுக்கு ஆள் குறைந்தால் யாரைக் கூப்பிடுவது. இதையெல்லாம் நீங்கள் அங்கேயே, இதைவிடக் குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு செய்திருப்பீர்கள். யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

5(4)க்கான எச்2 படிவம் உங்கள் வார்டில் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று அடுத்த இரவுப் பணிக்குள் பார்த்துவையுங்கள். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.