மழைக்கு ஓர் எலும்பு, கச்சானுக்கு ஓர் எலும்பு

திருகோணமலை உவர்மலையிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய அலுமாரியிற் கழற்றிய முதிரைப் பலகையை முதுகுக்கும் பக்கங்களுக்கும், வெளிநாட்டிலிருந்து எடுப்பித்த ஸ்புரூஸ் பலகையை முகப்புக்கும், கருங்காலியை விரற்பலகைக்கும் முகப்பின்மேல் தந்திகள் கட்டப்படும் குதிரைக்கும் வைத்து ஒரு கிளாசிக்கல் கிற்றார் செய்தேன். கார்த்திகை மழையில் தந்திகள் உயர்ந்து விரல் நொந்ததால் குதிரையில் தந்திகளைத் தாங்கும் எலும்புத் துண்டைத் தேய்த்துத் தாழ்த்தினேன். இப்போது ஆடியில் தடித்த தந்திகள் எங்கே அழுத்தினாலும் இரைகின்றன. மிக மெல்லிய முதலாம் தந்தியின் ஒலியும் மந்தமாக இருக்கிறது. முகப்பை இன்னும் மெல்லிதாகச் சீவினால் சரிவருமா?"

இப்போதைக்குச் சீவ வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளில் ஒன்றாவது முகப்பினால் வந்ததல்ல. அது நீங்கள் எலும்பைத் தேய்த்த மாதத்தினால் வந்தது.

மரம் ஈரத்தை உறிஞ்சும்போது நார்களுக்குக் குறுக்கே விரியும். முகப்புப் பலகையின் ஓரங்கள் பக்கங்களோடு ஒட்டப்பட்டிருப்பதால் அது வெளியே விரிய இடமின்றி நடுவில் மேடிட்டு எழும்புகிறது. அதன்மேல் நிற்கும் குதிரையும் கூடவே எழுகிறது. நமது ஊரில் ஐப்பசி முதல் தை வரையான வாடைமழைக் காலத்தில் நடப்பது இதுதான். வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் வீசத் தொடங்கியதும் பலகை உலர்ந்து இறங்க, தந்திகளும் இறங்குகின்றன. மழையில் மேடிட்டிருந்த முகப்புக்கு அளவாக நீங்கள் தேய்த்த எலும்பு, ஆடியில் இறங்கிய முகப்புக்குக் கட்டையாகிவிட்டது.

அளந்து பாருங்கள். தலைப்பக்கத்து எலும்பிலிருந்து குதிரை எலும்பு வரை 650 மில்லிமீற்றர் உள்ள கிற்றாரில், விரற்பலகையின் குறுக்குக் கம்பிகளான மெட்டுகளில் 12ஆவதின் மேல் முதலாம் தந்தி ஏறக்குறைய 3 மில்லிமீற்றரும் ஆறாம் தந்தி 4 மில்லிமீற்றரும் உயர்ந்து நிற்பது வழக்கமான அளவு. 12ஆம் மெட்டு நடுவில் இருப்பதால் அங்கே 1 மில்லிமீற்றர் உயர்த்துவதற்கு எலும்பை 2 மில்லிமீற்றர் உயர்த்த வேண்டும். ஆகவே புதிய எலும்பொன்றை உயரமாகச் செய்து கச்சான் காலத்துக்குப் போடுங்கள். தேய்த்த பழையதை எறியாமல் அடுத்த மழைக்கு வைத்திருங்கள். இரண்டிலும் பென்சிலால் மாதத்தை எழுதி வைப்பது நல்லது. நான் எழுதாமல் வைத்து, ஒரு மார்கழியில் தவறான எலும்பைப் போட்டு ஒரு மாலை முழுவதும் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

உயரம் சரியான பின்னும் ஒரேயொரு மெட்டில் மாத்திரம் இரைந்தால் அதற்கு அடுத்த மெட்டு தூக்கலாக இருக்கக்கூடும். மூன்று மெட்டுகளின் மேல் சிறிய நேர்விளிம்பொன்றை வைத்து ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். வெறுந்தந்தியே இரைந்தால் தலைப்பக்கத்து எலும்பின் வெட்டு ஆழமாகியிருக்கும்.

இனி அந்த மந்தமான முதலாம் தந்தி. எலும்பு தாழ்ந்ததால் குதிரையருகே தந்திக்கும் முகப்புக்கும் இடையிலான உயரமும் குறைந்திருக்கும். அது 9 முதல் 11 மில்லிமீற்றர் வரை இருந்தால்தான் தந்தி முகப்பை நன்றாக அசைக்கும். ஆகவே புதிய எலும்பு இதிலும் ஓரளவு உதவும். ஆனால் எனது ஐயம் அதிகமாகக் குதிரையின் மேல்தான். கருங்காலி விரற்பலகைக்கு உகந்தது. குதிரைக்கோ வீண் பாரம். றோஸ்வுட்டிற் செய்யும் குதிரைகள் பெரும்பாலும் 20 கிராமை ஒட்டி நிற்கும். அதே அளவிற் கருங்காலியிற் செய்தால் அதைவிடப் பாரமாகிவிடும். மெல்லிய பலகையின் நடுவில் அத்தகைய சுமை இருந்தால் முதலில் மழுங்குவது உச்சத் தந்திதான். குதிரையைக் கழற்றாமலே நடுப்பகுதிக்கு இருபுறமும் நீளும் அதன் சிறகுகளையும் சிறிது சிறிதாகச் சீவி மெலிதாக்கலாம். ஒவ்வொரு முறையும் தந்தியைப் பூட்டி வாசித்துப் பார்க்கலாம்.

முதிரை குறித்து நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. இன்றைய கிளாசிக்கல் கிற்றாரின் வடிவத்தை நிலைநிறுத்திய ஸ்பானியக் கைவினைஞர் அந்தோனியோ தெ தொறெஸ், 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையிற் செய்து, முகப்பை மட்டும் மரத்தால் அமைத்து ஒரு கிற்றார் செய்தார். ஒலியின் பெரும்பங்கு முகப்பில் இருப்பதைக் காட்டவே அப்படிச் செய்தார். அலுமாரி முதிரை அட்டையைவிடத் தாழ்ந்ததல்ல.

ஒலியைத் தீர்மானிக்கும்போது நீங்களே வாசித்துத் தீர்மானிக்காதீர்கள். மடியில் வைத்து வாசிப்பவருக்குக் கேட்பது ஒன்று, எதிரே இருப்பவருக்குக் கேட்பது வேறு. புதிய நைலோன் தந்தி பூட்டி, சுருதி நிலைக்க மூன்று நாள் விட்டு, இன்னொருவரை வாசிக்கச் சொல்லி நான்கைந்து மீற்றர் தள்ளி அமருங்கள். முதலாம் தந்தியில் 5ஆம் மெட்டிலிருந்து 12ஆம் மெட்டு வரை ஒவ்வொரு சுரமாக அதே விசையில் மீட்டச் சொல்லி, எது சட்டென்று அடங்குகிறது, எது நின்று ஒலிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறாம் தந்தியில் 2ஆம், 3ஆம், 4ஆம் மெட்டுகளில் ஏதோவொரு சுரம் பெரிதாகப் பொங்கி விரைவில் அடங்கினால் அஞ்ச வேண்டாம். பெட்டிக்குள் உள்ள காற்றின் இயற்கை அதிர்வு பெரும்பாலும் அவ்விடத்தில்தான் விழும். அடுத்து 12ஆம் மெட்டில் தந்தியைத் தொட்டு எழும் மணிச்சுரத்தையும் அழுத்தி எழும் சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறி நின்றால் எலும்பின் தந்தி தொடும் விளிம்பு பின்னே தள்ளியிருக்க வேண்டும்; வழக்கமாக அந்தத் தள்ளல் 1.5 முதல் 2 மில்லிமீற்றர் வரை.

இவ்வளவும் செய்து ஒரு மழையும் ஒரு கச்சானும் கடந்த பின்னும் முதலாம் தந்தி மந்தமாகவே இருந்தால் முகப்பின் தடிப்பை அளப்போம். ஸ்புரூஸ் 2.5 மில்லிமீற்றருக்கு மேல் நின்றால் கீழ்வயிற்றின், அதாவது குதிரை நிற்கும் அகன்ற கீழ்ப்பகுதியின், ஓரத்தை மட்டும், மெருகை எடுத்துவிட்டு, ஒரு தடவைக்கு 0.1 மில்லிமீற்றருக்கு மேற்படாமற் சீவலாம். அந்த வேலையையும் வாடைமழையில் தொடங்காதீர்கள்.