சுண்ணாம்புச் சுவரில் பெயிண்ட் கொப்பளித்தால்

கீழ்ச்சுவரில் பெயிண்ட் உதிர்கிறது, கொத்தனார் சிமென்ட் பூசச் சொல்கிறார், பூசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பூசாதீர்கள். கொத்தனார் சொன்னபடி மூன்றடி உயரத்துக்குப் பூசினால், ஈரம் அதற்கும் மேலே ஏறி, இப்போது நன்றாக இருக்கும் சுவரையும் கெடுக்கும்.

தக்கலைப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடு, போன வருடம் அடித்த எமல்ஷன் பெயிண்ட் கீழ்ச்சுவரில் மட்டும் உதிர்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் அந்த எமல்ஷன்தான் காரணம். சுண்ணாம்புக் காரை, தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும்; பெயிண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் சுவர் காய நாளும் குறைவு.

ஒரு சோதனை: உதிர்ந்த இடத்தைச் சுரண்டி, ஓரடி பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி 2 நாள் விடுங்கள். உட்பக்கம் நீர் முத்தினால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் என்றால் காற்றின் ஈரம்தான்.

சுவர் ஈரமென்றால் முதலில் முற்றத்தைப் பாருங்கள். மண் நிரப்பித் தரை உயர்ந்திருக்கிறதா? ஓட்டிலிருந்து விழும் நீர் சுவரடியில் தேங்குகிறதா? அதைச் சரிசெய்த பிறகு பெயிண்டை முழுக்கச் சுரண்டி, பிப்ரவரி, மார்ச் வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசி வெள்ளையடியுங்கள். அந்த வெண்மையில் மரத்தூணும் கதவு நிலையும் எவ்வளவு எடுப்பாக இருக்கும் தெரியுமா!

சுவர் புடைத்திருந்தாலோ, நிலைக்கால் அடியில் கரையான் இருந்தாலோ இது போதாது. பழைய வீடுகளில் வேலை செய்த கொத்தனாரையும் ஆசாரியையும் அழைத்துக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.