வேலை போய் 4 மாதம்: அடுத்தது கிடைக்க இன்னும் எவ்வளவு காலம் எடுக்கும்?

கேள்வி: கொழும்பில் கணக்குப் பிரிவில் 9 வருடம் வேலை செய்தேன். ஆட்குறைப்பு என்று நிறுத்திவிட்டார்கள். 4 மாதம் ஆகிறது. அடுத்த வேலை கிடைக்க எவ்வளவு காலம் எடுக்கும்? மனைவியைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது. இதை அனுபவித்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில்:

எனக்கு 8 மாதமும் 11 நாளும் எடுத்தது. இந்தக் கணக்கை முழுதாக நம்பவேண்டாம், முதல் 3 மாதம் கள்ளக் கணக்கு. அந்த நாட்களில் நான் வேலை தேடுவதாக மனைவி நினைத்தாள், வேலை செய்வதாக அம்மா நினைத்தார். நான் இரண்டும் செய்யவில்லை.

நான் இருந்தது வாகனம் இறக்குமதி செய்யும் ஒரு கொம்பனியில். வங்கியில் எல்.சி. (வெளிநாட்டு விற்பனையாளருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) திறப்பது, கப்பல் ஆவணம் பார்ப்பது, சுங்கத்துக்குப் போகும் கடதாசிகளைச் சரிபார்ப்பது, இதுதான் 7 வருடமாக என் வேலை. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. கையிருப்பை விற்றும், ரயர், பற்றரி, உதிரிப்பாகம் என்று எதையாவது கொண்டுவந்தும் முதலாளி இரண்டு வருடம் இழுத்தார். 2022இல் வங்கிகளிடம் டொலரே இல்லை. எல்.சி. திறக்க வழியில்லாத இடத்தில் எல்.சி. திறப்பவனுக்கு என்ன வேலை? ஜூன் 10, வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் கூப்பிட்டார்கள்.

மேசையில் ஒரு கடிதம் அடித்துத் தயாராக இருந்தது. என் பெயரில், என் ராஜினாமாக் கடிதம். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. மனிதவளப் பொறுப்பாளர் பேனா மூடியைத் தானே கழற்றி என் பக்கம் வைத்தார். "மல்லி (சிங்களத்தில் தம்பி), இப்படிப் போனால் உங்களுக்கும் மரியாதை. ஒரு மாதச் சம்பளமும் மேலதிகமாகத் தருகிறோம்" என்றார். வாசித்தேன். என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அதைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். 7 வருடம் கடதாசியில் பிழை பிடித்த பழக்கம். இன்றைக்கும் அந்தத் திருத்தத்தை நினைத்தால் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வரும்.

நீங்கள் அப்படி ஒன்றிலும் கையெழுத்து வைக்கவில்லை என்றால் மிச்சத்தை வாசிக்க முதல் இதைப் பாருங்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், கடைசி 12 மாதத்தில் 180 நாளாவது நீங்கள் வேலை செய்திருக்கிறீர்கள் என்றால், ஒழுக்கக் குற்றம் தவிர்ந்த காரணத்துக்காக உங்களை நிறுத்துவதற்கு உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அது. நட்டஈட்டுக்குச் சூத்திரமும் இருக்கிறது. முதல் 5 வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 2.5 மாதச் சம்பளம், பிறகு 2 மாதம் என்று குறைந்துகொண்டு போகும். மொத்தத் தொகைக்கு ஒரு மேல் எல்லையும் உண்டு. அந்தச் சூத்திரப்படி என் 7 வருடத்துக்கு 16.5 மாதச் சம்பளம் வரும். நான் வாங்கியது 1. முறைப்பாட்டை 6 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். உங்களுக்கு 4 முடிந்துவிட்டது. இந்தக் கிழமையே நாரஹேன்பிட்டயில் தொழில் திணைக்களத்துக்குப் போங்கள்.

பணிக்கொடை விலகினாலும் உண்டு, அதில் யாராவது விளையாடினால் விடவேண்டாம். 15 பேருக்குக் குறையாத இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். என் சம்பளம் 80,000 ரூபாய், ஆகவே 280,000 கிடைத்தது. ஈபிஎஃப்பை (ஊழியர் சேமலாப நிதி) நம்பி இருக்கவேண்டாம். வேலை போனது என்பதற்காக அதைத் தரமாட்டார்கள், ஆண்களுக்கு 55 வயது. ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) எடுக்கலாம், ஆனால் 5 வருடத்துக்கு ஒரு தடவைதான். வேலையில்லாதவருக்கு மாதப் படி கொடுக்கும் திட்டம் இந்த நாட்டில் கிடையாது. எங்கள் ஆட்களுக்கு இருக்கிற ஒரே காப்புறுதி வெளிநாட்டுச் சொந்தம்தான். அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி முந்தைய வருடத்தைவிட 69.8 வீதம் ஏறியிருந்தது, சாப்பாட்டுச் சாமான் மட்டும் 94.9 வீதம். கனடாவிலிருந்து அக்கா 300 டொலர் அனுப்பினா. மாற்றிப் பார்த்தால் ஏறக்குறைய என் மாதச் சம்பளம்! நான் மாதம் முழுக்க உழைத்தது அக்காவுக்கு ஒரு சனிக்கிழமைச் சாமான் காசு என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இனி அந்தக் கள்ளக் கணக்கு.

வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். நான், மனைவி, மகள், அம்மா. வேலை போன செய்தியை அம்மாவிடம் திங்கட்கிழமை சொல்வது என்று இருந்தேன். அதற்குள் நாடு எனக்கு ஒரு பொய்யைக் கையில் தந்துவிட்டது. ஜூன் 20இலிருந்து அரச ஊழியரையே வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் பெற்றோல். ஊர் முழுக்க வீட்டில் இருக்கும்போது நான் வீட்டில் இருப்பதை யார் கவனிப்பார்கள்? காலையில் சேர்ட் போட்டேன். சாப்பாட்டு மேசையில் பழைய மடிக்கணினி, காதில் ஹெட்செட். அம்மா தேத்தண்ணி கொண்டுவரும் சத்தம் கேட்டால் "யெஸ், யெஸ், ஐ வில் செக்" என்று ஆருமில்லாத பக்கம் பேசினேன். தேத்தண்ணியை ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போவா.

ஒகஸ்ட்டில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு விநியோகம் செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது. பெற்றோல் பங்கீட்டுக்கான கியூஆர் கோட் எடுத்துப் பார்த்தால் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்த யோசனையும் அத்தோடு நின்றது.

செப்டெம்பரில் ஒருநாள் கரண்ட் போயிருந்தது. நான் ஹெட்செட்டோடு தலையாட்டிக்கொண்டு இருந்தேன். அம்மா முன்னால் வந்து கதிரையில் இருந்தா.

"தம்பி, கரண்ட் இல்லாட்டில் வைஃபையும் இல்லைத்தானே. நீ ஆரோட கதைக்கிறாய்?"

ஹெட்செட்டைக் கழற்றினேன்.

"எப்பயிருந்து தெரியும் அம்மா?"

"ஆடிப் பிறப்புக்குக் கூழ் காய்ச்சேக்கை தெரியும். நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

அந்தக் கிழமைக்குள் மயூரபதி அம்மன் கோயிலில் பாதிப் பேருக்கு என் கதை தெரிந்திருந்தது. மீன் வாங்கப்போன இடத்தில் "மகனுக்கு ஏதும் சரிவந்ததோ" என்று என்னிடமே கேட்டார்கள். இரண்டு நாள் அம்மாவுடன் கதைக்கவில்லை. லிஃப்டில் ஆட்கள் நின்றால் படியால் ஏறினேன்.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் இங்கேதான் இருக்கிறது. அன்றிலிருந்து ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினேன். மொத்தம் 131 விண்ணப்பம். இணையத்திலும் ஞாயிறு ஆங்கிலப் பத்திரிகை பார்த்தும் போட்டது 104, அதில் நேர்முகம் 2. ஆரோ ஒருவர் கையால் போனது 27, அதில் நேர்முகம் 4. விண்ணப்பம் போட்டு முதல் அழைப்பு வர மூன்று நாலு கிழமை. முதல் நேர்முகத்திலிருந்து கடிதம் கைக்கு வர இன்னும் ஆறேழு கிழமை, ஏனென்றால் இரண்டாம் நேர்முகம் வைக்கவேண்டிய பெரியவர் எப்போதும் வெளிநாட்டில்தான் இருப்பார். ஆக எல்லாம் சரியாக ஓடினாலும் இரண்டரை மாதம் போகும், முதல் விண்ணப்பத்திலேயே ஒருவருக்கும் எல்லாம் சரியாக ஓடாது. டிசம்பரும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களும் செத்த காலம். கணக்கு ஆட்களுக்கு ஜனவரி, பெப்ரவரி நல்லது, மார்ச் 31 கணக்கு முடிப்புக்கு முன் ஆள் தேவைப்படும். 6 மாதம் தாண்டினால் உங்களில் ஏதோ பிழை என்று நினைக்காதீர்கள்.

சீவியில் (சுயவிபரக் கோவை) தகப்பன் பெயர், சமயம், அடையாள அட்டை இலக்கம், ஓ.எல். பரீட்சைப் பெறுபேறு எல்லாம் வெட்டினேன். அதைவிடப் பெரிய மாற்றம், 'வாகனம்' என்ற சொல்லைப் பின்னுக்குத் தள்ளியது. டொலர் இல்லாத நாட்டிலும் யார் எல்.சி. திறக்கிறார்கள் என்று யோசித்தேன். மருந்து. உணவுக்கும் மருந்துக்கும் இந்தியா 2022 மார்ச்சில் 100 கோடி டொலர் கடன் வசதி கொடுத்திருந்தது. நான் 7 வருடம் பார்த்த கடதாசிதான், பெட்டிக்குள் இருக்கும் சாமான்தான் வேறு. இந்தச் சின்ன விஷயம் விளங்க எனக்கு நாலு மாதம் எடுத்தது.

வேலை வந்த வழி இது. கோயிலில் அம்மா சொல்லி அழுத ஓர் அம்மாவின் மருமகன் துறைமுகக் கிளியரிங் கொம்பனியில் இருந்தார். அங்கே கூப்பிட்டார்கள், எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது என்பதால் சரிவரவில்லை. அவர் என் சீவியை எறியாமல், தன் வாடிக்கையாளரான ஒரு மருந்து இறக்குமதியாளரிடம் கொடுத்திருக்கிறார். அங்கேயும் முதலில் தெரிவானது வேறு ஆள். அந்த ஆள் பழைய இடத்துக்கு ஒரு மாத நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்றாராம். என்னிடம் எப்போது வரலாம் என்று கேட்டார்கள். நாளைக்கே என்றேன். சம்பளம் 72,000, பழையதைவிட 8,000 குறைவு. பேரம் பேசவில்லை.

இடையில் நவம்பரில் இரண்டு கிழமை கட்டிலை விட்டு எழும்பவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. உங்களுக்கும் அப்படி வந்தால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலவச இலக்கம். நான் எடுத்தேன். மறுமுனையில் இருந்தவர் முதலில் கேட்டது சாப்பிட்டீர்களா என்று. அதன்பிறகு காலையில் மரைன் டிரைவில் தண்டவாள ஓரமாகப் பம்பலப்பிட்டி வரை நடந்து திரும்பினேன், ஒரு நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை தேடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். மிச்ச நேரத்தில் மகளுடைய சிங்களக் கொப்பியில் எழுதிப் பழகினேன். மகள் சிவப்புப் பேனாவால் புள்ளி போட்டாள், கருணையே இல்லாமல்.

வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தது. பழைய இடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. நான் போகவில்லை.

புது வேலைக்கு முதல் நாள் ரயிலைப் பிடிக்கச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றேன். அம்மா சோத்துப் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தா.

"ஸ்டேசன் மட்டும் நானும் வரட்டோ?"

"ஏன் அம்மா?"

"நீ ஏறுறதை ஒருக்காப் பாக்கோணும்."